முதல் கேமரா வாங்கப் போகிறீர்களா? லென்ஸிலிருந்து தொடங்குங்கள்

"எந்த கேமரா வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "லென்ஸுக்கு எவ்வளவு ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்?" என்பதுதான். பலர் அதை யோசித்தே இருப்பதில்லை. இருக்கிற பணம் முழுவதையும் பாடியில் (லென்ஸ் இல்லாத கேமராவில்) போட்டுவிட்டு, பெட்டியோடு வரும் கிட் லென்ஸ் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். வீட்டுக்குள் விளையாடும் குழந்தைகளை எடுத்தால் முகம் கலங்கித்தான் வந்தது. கேமராதான் சரியில்லை, அடுத்த மாடலுக்குப் பணம் சேர்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் நண்பர் ஒருவர் தன்னுடைய 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். அதே கேமரா, அதே அறை, அதே விளக்கு. குழந்தையின் இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

காரணம் எளிய கணக்கு. லென்ஸில் மி.மீ. என்பது குவியத் தூரம்; அது கூடக் கூட தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், காட்சியின் அகலம் குறையும். கிட் லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் அதன் அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) பொதுவாக எஃப்/5.6க்கு மேல் திறக்காது. எஃப் எண் குறையக் குறைய ஒளி நுழையும் வழி அகலமாகும். எஃப்/1.8 லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஒளியை உள்ளே விட ஷட்டர் 1/15 நொடி திறந்திருக்க வேண்டிய இடத்தில் 1/125 நொடியே போதும். ஓடுகிற குழந்தை 1/15 நொடியில் கலங்கும். 1/125இல் பெரும்பாலும் கலங்காது. எந்த விலை உயர்ந்த பாடியை வாங்கியிருந்தாலும் இவ்வளவு பெரிய மாற்றம் கிடைத்திருக்காது. பாடி சில வருடங்களில் பழையதாகிவிடும். நல்ல லென்ஸ் அடுத்த பாடியிலும், அதற்கு அடுத்த பாடியிலும் வேலை செய்யும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போகலாம்.

படி 1: உங்கள் போனில் இருக்கும் படங்களைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால், விலை ஒப்பிடுவதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். போனில் கடைசியாக நீங்கள் எடுத்த 200 படங்களைத் திறந்து, எதை எடுத்திருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். பக்கத்தில் இருக்கும் மனிதர்களா, கட்டடங்களும் இயற்கைக் காட்சிகளுமா, பூ, பூச்சி போன்ற சின்னப் பொருள்களா, பறவை, விளையாட்டு போலத் தூரத்தில் இருப்பவையா? அதோடு, எத்தனை படங்கள் வீட்டுக்குள் அல்லது மாலை இருட்டில் எடுத்தவை என்பதையும் தனியாகக் குறியுங்கள்.

நாம் எதை எடுக்க ஆசைப்படுகிறோம் என்பதும், உண்மையில் எதை எடுக்கிறோம் என்பதும் பல நேரம் வேறு வேறாக இருக்கும். பறவைகளுக்காகவே கேமரா வாங்குகிறேன் என்பவரின் போனில் முக்கால்வாசி வீட்டு ஆட்களின் முகமாக இருக்கலாம். அந்தத் தாள் சொல்வதை நம்புங்கள்.

பறவைகள்தான் உங்கள் விருப்பம் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன்: குறைந்த பணத்தில் கடினமான துறை அது. 55-250 அல்லது 70-300 மி.மீ. ஜூம் லென்ஸும், நல்ல வெளிச்சமும், பக்கத்தில் போய்க் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும்.

படி 2: பணத்தைப் பிரியுங்கள்

மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் பாடிக்குக் கொடுக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு லென்ஸுக்கு. மிச்சத்தில் மெமரி கார்டு, ஒரு உபரி பேட்டரி, ஒரு பை. இந்தக் கணக்குக்குள் நீங்கள் நினைத்த பாடி அடங்கவில்லை என்றால் லென்ஸில் கை வைக்காதீர்கள். அதைவிடப் பழைய மாடலையோ செகண்ட் ஹேண்ட் பாடியையோ பாருங்கள். ட்ரைபாடை இப்போதைக்கு விட்டுவிடலாம். மலிவான ட்ரைபாட் காற்றில் ஆடும், கேமராவோடு சாய்ந்தும் விழும்.

படி 3: சென்சார் அளவு

கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சில்லுதான் சென்சார். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 × 24 மி.மீ. ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 23.5 × 15.6 மி.மீ.; கேனனில் மட்டும் இன்னும் கொஞ்சம் சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 × 13 மி.மீ. சென்சார் பெரிதாக இருந்தால் இருட்டில் எடுக்கும் படத்தில் புள்ளிப் புள்ளியாக வரும் இரைச்சல் குறையும், ஆனால் அதற்கேற்ற லென்ஸ்களின் விலையும் எடையும் கூடும். முதல் கேமராவுக்கு ஏபிஎஸ்-சி அல்லது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் தாராளம் என்பது என் கருத்து. ஃபுல் ஃபிரேம் பாடி வாங்கிவிட்டு லென்ஸ் வாங்கப் பணமில்லாமல் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரே லென்ஸ் ஒவ்வொரு சென்சாரிலும் வேறு அகலத்தைக் காட்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. 50 மி.மீ. லென்ஸை 1.5 கிராப் உள்ள (ஃபுல் ஃபிரேமைவிடச் சென்சார் 1.5 மடங்கு சிறிய, அதாவது கேனன் அல்லாத ஏபிஎஸ்-சி) கேமராவில் மாட்டினால் ஃபுல் ஃபிரேமில் 75 மி.மீ. காட்டுவதைத்தான் பார்ப்பீர்கள். கேனன் ஏபிஎஸ்-சியில் அது 80, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 100. அதனால்தான் "எல்லோரும் சொன்னார்கள்" என்று 50 மி.மீ. வாங்கியவர்கள் சின்ன அறையில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றும் ஆள் முழுதாக அடங்கவில்லை என்று தவிக்கிறார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது 35 மி.மீ.; மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் 25 மி.மீ.

மெகாபிக்சலுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். 24 மெகாபிக்சல் என்பது 6000 × 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று தரமாக அச்சிட்டாலே 20 × 13 அங்குலப் படம் கிடைக்கும். 4கே திரை முழுவதையும் நிரப்ப 8.3 மெகாபிக்சல் போதும்.

படி 4: மவுண்ட்டைத் தேர்ந்தெடுங்கள்

நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இது. லென்ஸ் பாடியோடு பூட்டிக்கொள்ளும் வளையத்தைத்தான் மவுண்ட் என்கிறோம். ஒரு மவுண்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, அடுத்த பத்து வருடங்களுக்கு எந்த லென்ஸ்களை வாங்க முடியும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறீர்கள்.

டிஎஸ்எல்ஆர்கள் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள கேமராக்கள்) பயன்படுத்தும் நிக்கானின் எஃப் மவுண்ட் 1959இலும் கேனனின் இஎஃப் மவுண்ட் 1987இலும் வந்தவை. இத்தனை வருடங்களாகத் தயாரான லென்ஸ்கள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. பணம் மிகவும் குறைவு என்றால் பழைய டிஎஸ்எல்ஆர் பாடி ஒன்றும் இந்த லென்ஸ்களில் ஒன்றும்தான் என் முதல் பரிந்துரை. பேட்டரியும் நீண்ட நேரம் தாங்கும்.

அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில் சோனியின் இ மவுண்ட் 2010இலும் ஃபியூஜிஃபிலிமின் எக்ஸ் மவுண்ட் 2012இலும் வந்தன. கேனனின் ஆர்எஃப், நிக்கானின் இசட் இரண்டும் 2018இல். படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பதை எடுப்பதற்கு முன்பே வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் இடத்தில்) பார்க்க முடிவது புதிதாகக் கற்பவருக்குப் பெரிய உதவி. பல மாடல்கள் கண்ணைத் தாங்களே தேடிப்பிடித்து ஃபோகஸ் செய்யும். குழந்தைகளையும் வீடியோவையும் அதிகம் எடுப்பவர் என்றால், சற்றுப் பழைய மிரர்லெஸ் பாடியைத் தேடுங்கள்.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் சில இடங்களையும் சொல்லிவிடுகிறேன். நிக்கானின் டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்; ஏஎஃப்-எஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கேனனின் பழைய இஎஃப் லென்ஸை ஆர்எஃப் பாடியில் அடாப்டர் வைத்து ஆட்டோ ஃபோகஸோடு பயன்படுத்தலாம், ஆனால் ஆர்எஃப் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் மாட்ட முடியாது. கேனன் டிஎஸ்எல்ஆரில் பிரதிபலிக்கும் கண்ணாடி இருப்பதால் மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் நடுவே 44 மி.மீ. இடைவெளி உண்டு, ஆர்எஃப்பில் அது 20 மி.மீ. மட்டுமே. இடைவெளி குறைவாக இருக்கும் பாடியில் அடாப்டர் வைத்து அதை நிரப்பலாம். ஏற்கெனவே அதிகமாக இருப்பதைக் குறைக்க வழியில்லை. கேனன் 2012இல் கொண்டுவந்த இஎஃப்-எம் மவுண்ட்டின் லென்ஸ்களும் இதே காரணத்தால் ஆர்எஃப் பாடிக்கு உதவாது. அந்த வரிசை பாடி மலிவாகக் கிடைத்தால், பின்னால் லென்ஸையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டியிருக்கும் என்று தெரிந்தே வாங்குங்கள்.

படி 5: கையில் பிடித்துப் பாருங்கள்

சுண்டு விரல் பிடிக்குள் அடங்குகிறதா, அபெர்ச்சரை மாற்ற மெனுவுக்குள் போக வேண்டுமா, வியூஃபைண்டரில் பார்க்க உங்கள் மூக்குக் கண்ணாடி தடையாக இருக்கிறதா என்று பாருங்கள். கைக்குப் பிடிக்காத கேமரா அலமாரியிலேயே கிடக்கும்.

படி 6: லென்ஸ் வாங்கும் வரிசை

முதலில் 18-55 மி.மீ. கிட் லென்ஸ். இதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில் எஃப்/8 வைத்து எடுத்தால் மிக நல்ல படங்களைத் தரும். செகண்ட் ஹேண்டில் மலிவாகவும் கிடைக்கும். ஸ்டெபிலைசர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் உங்கள் கை நடுங்குவதை மட்டுமே ஸ்டெபிலைசர் சரிசெய்யும். எதிரில் இருப்பவர் அசைவதை அது நிறுத்தாது. இருட்டில் ஆட்களை எடுக்கக் கிட் லென்ஸ் தடுமாறுவது இதனால்தான்.

இரண்டாவது, எஃப்/1.8 பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ். 35ஆ 50ஆ என்பதை யாரிடமும் கேட்க வேண்டாம். கிட் லென்ஸை 35இல் வைத்து ஜூம் வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, ஒரு வாரம் அதிலேயே எடுங்கள். அடுத்த வாரம் 50இல் ஒட்டுங்கள். அடிக்கடி பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தது எந்த வாரம், இயல்பாக எடுத்தது எந்த வாரம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இந்த இரண்டு வாரச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை, தவறான லென்ஸ் வாங்குவதையும் தவிர்க்கலாம்.

பிரைம் வந்ததும் எல்லாவற்றையும் எஃப்/1.8இல் எடுக்கத் தோன்றும். பக்கத்திலிருந்து எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் வரும். ஒருவர் முகம் என்றால் எஃப்/2.8, நான்கைந்து பேர் வரிசையாக நின்றால் எஃப்/5.6 என்று தொடங்குங்கள்.

சின்னப் பொருள்களை எடுக்க மேக்ரோ லென்ஸ் வாங்க முடியாதவர்களுக்கு எக்ஸ்டென்ஷன் டியூப் இருக்கிறது. உள்ளே கண்ணாடியே இல்லாத வெற்று வளையம் அது. லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி வைப்பதால், இன்னும் பக்கத்தில் போய் ஃபோகஸ் செய்ய முடியும். 50 மி.மீ. லென்ஸோடு 25 மி.மீ. டியூப் போட்டால், பொருளின் பிம்பம் அதன் உண்மையான அளவில் பாதிக்கும் மேலாகச் சென்சாரில் விழும். மின்தொடர்பு உள்ள டியூபாக வாங்குங்கள், இல்லையென்றால் அபெர்ச்சரைக் கட்டுப்படுத்த முடியாமல் போகும். லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் மலிவான வைடு, டெலி கன்வெர்ட்டர்களை மட்டும் தொடாதீர்கள். நல்ல லென்ஸின் தெளிவையும் அவை கெடுத்துவிடும்.

படி 7: செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

ஒரு டார்ச் கொண்டுபோங்கள். லென்ஸின் இரண்டு மூடிகளையும் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். நான் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் மேலோட்டமாகப் பார்த்து ஒரு லென்ஸை வாங்கிவந்து, இரவில் டார்ச் அடித்தபோதுதான் உள்ளே படர்ந்திருந்ததைக் கண்டேன். சுத்தம் செய்ய ஆகும் செலவுக்கு வேறொரு லென்ஸே வாங்கியிருக்கலாம். உள்ளே நாலைந்து தூசி இருப்பதோ முன் கண்ணாடியில் மெல்லிய கீறல் இருப்பதோ படத்தில் அநேகமாகத் தெரியாது. பின் கண்ணாடிக் கீறலை அப்படி விட்டுவிடக் கூடாது.

பாடியில், வெள்ளைச் சுவரை எஃப்/16 வைத்து எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சாரில் இருக்கும் தூசியும் கறையும் புள்ளிகளாகத் தெரியும். தூசியைத் துடைக்கலாம், கீறல் என்றால் விட்டுவிடுங்கள். ஷட்டர் கவுண்ட்டையும் (இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற எண்) கேளுங்கள். தொடக்க நிலை டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டர் பொதுவாக ஒரு லட்சம் படம் வரை சோதிக்கப்பட்டவை. 20,000 ஓடியதற்கும் 90,000 ஓடியதற்கும் ஒரே விலை கொடுக்க வேண்டியதில்லை. கடைசியாக, நீங்கள் வாங்கப்போகும் லென்ஸை அந்தப் பாடியிலேயே மாட்டி, பக்கத்திலும் தூரத்திலும் ஃபோகஸ் ஆகிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சை வளராது. தோல் உறைக்குள் மாதக்கணக்கில் மூடி வைப்பதுதான் லென்ஸுக்கு ஆகாதது.

படி 8: மூன்றாவது லென்ஸுக்கு அவசரம் வேண்டாம்

கிட் லென்ஸும் பிரைமும் கையில் வந்தபிறகு மூன்று மாதம் வேறு எதையும் வாங்காமல் இருங்கள். அபெர்ச்சர் பிரயாரிட்டி மோடில் (அபெர்ச்சரை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கேமராவே வைக்கும் முறை), ரா கோப்பாக (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்துப் பழகுங்கள். திருத்துவதற்கு டார்க்டேபிள், ராதெரபி போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

மூன்று மாதம் கழித்து, கிட் லென்ஸில் எடுத்த படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொரு கோப்பிலும் பதிவாகியிருக்கும் குவியத் தூரத்தைப் பாருங்கள். பாதிக்கு மேல் 55இல் முட்டி நின்றால் உங்களுக்கு 55-250 போன்ற டெலி ஜூம் தேவை. 18இலேயே குவிந்திருந்தால் 10-18 மாதிரி வைடு லென்ஸ். நடுவிலேயே பரவியிருந்தால் இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் ஒரு நல்ல ட்ரைபாட் வாங்கிக்கொள்ளுங்கள்.