கெடு நெருங்கும்போது ஆய்வேட்டை எழுதி முடிப்பது எப்படி

ஆய்வேடு இழுத்துக்கொண்டே போவதற்கு எழுத்து வேகம் பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. என்ன சொல்லப்போகிறோம் என்று தீர்மானிக்காமலே முன்னுரையின் முதல் வரியில் உட்கார்ந்துவிடுவதுதான் காரணம். முன்னுரையை மூன்று முறை மாற்றி எழுதியிருப்பார்கள். தரவு அட்டவணைகள் தயாராகியிருக்காது. கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும். கீழே சொல்லியிருப்பது, தரவுச் சேகரிப்பு ஏறக்குறைய முடிந்து எழுத்து மட்டும் மிச்சமிருக்கும் இளங்கலை, முதுகலை மாணவர்களுக்கானது. 12,000 சொல் ஆய்வேட்டையும் 21 நாள் அவகாசத்தையும் கணக்குக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் எண்கள் வேறாக இருந்தால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் நாளில் எழுத வேண்டாம்

முதலில் துறை தந்திருக்கும் விதிமுறைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். சொல் வரம்பில் துணைநூற்பட்டியலும் பின்னிணைப்பும் சேருமா? ஓர விளிம்பு, வரி இடைவெளி, மேற்கோள் முறை என்ன? எத்தனை படிகள் தர வேண்டும்? ஒப்புமை அறிக்கை (உங்கள் எழுத்து பிறர் எழுத்தோடு எங்கெங்கே பொருந்துகிறது என்று மென்பொருள் காட்டும் அறிக்கை) இணைக்க வேண்டுமா? நெறியாளர், துறைத்தலைவர் கையொப்பங்கள் எந்தெந்தப் பக்கங்களில் தேவை? கடைசிக் கேள்வியை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. எழுதி முடித்த ஆய்வேடு, கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இல்லாததால் நின்றுபோகும். அவர்கள் எந்த நாட்களில் இருப்பார்கள் என்று இன்றே கேட்டு வையுங்கள்.

அடுத்து, கெடு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி 3 நாள் அச்சுக்கும் கையொப்பத்துக்கும் பதிவேற்றத்துக்கும். அதற்கு முந்தைய 4 நாள் திருத்தத்துக்கு. மிஞ்சுவது 14 நாள். குறிப்புகள் கைவசம் இருந்தாலும் மணிக்கு 300 சொற்களுக்கு மேல் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். 12,000 சொல்லுக்கு 40 மணி நேரம். நாளுக்கு 4 மணி நேரம் என்றால் 10 நாள். மீதி 4 நாளைத் திட்டமிடல், காய்ச்சல், மின்வெட்டு, மறுபடி ஓட்ட வேண்டிய பகுப்பாய்வு ஆகியவற்றுக்கு விட்டுவையுங்கள். அந்த நான்கு நாளையும் எழுத்துக்கே ஒதுக்கிப் போடும் அட்டவணை முதல் தடங்கலிலேயே குலைந்துபோகும்.

பிறகு இந்த வாக்கியத்தை நிரப்புங்கள்: “இந்த ஆய்வு ……… என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, ……… தரவுகளைக் கொண்டு, ……… என்று காட்டுகிறது.” மூன்றாவது இடைவெளி நிரம்பவில்லை என்றால் அட்டவணைகளைப் பாருங்கள், விடை அங்கேதான் இருக்கும், வாசிக்க வேண்டிய இன்னொரு கட்டுரையில் இருக்காது. ஆய்வுத் திட்டத்தில் நான்கு நோக்கங்கள் எழுதிவிட்டு, தரவு இரண்டுக்கு மட்டுமே கிடைத்திருக்கலாம். அப்படியானால் மற்ற இரண்டையும் விடுவது பற்றி நெறியாளரிடம் இப்போதே பேசுங்கள். பதிவான தலைப்பை மாற்றப் பல இடங்களில் தனி அனுமதி வேண்டும். ஆகவே தலைப்புக்குள் நின்றே எல்லையைச் சுருக்கப் பாருங்கள். முழுமையாக விடை காணப்பட்ட இரண்டு நோக்கங்கள், அரைகுறையான நான்கைவிட எப்போதும் நன்றாக மதிப்பிடப்படும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

சொற்களைப் பங்கிட்டு, எலும்புக்கூடு போடுங்கள்

களஆய்வு, ஆய்வகம் சார்ந்த ஆய்வேட்டுக்கு இந்தப் பங்கீடு பொருந்தும்: முன்னுரை 1,200 சொற்கள், முன்னாய்வுகள் 3,000, ஆய்வு முறை 1,800, முடிவுகள் 2,400, விவாதம் 2,600, நிறைவுரை 1,000. இலக்கியம், வரலாறு போன்ற துறைகளில் முன்னுரைக்கும் நிறைவுரைக்கும் தலா 1,500 கொடுத்துவிட்டு, மீதியை 3,000 சொல் கொண்ட மூன்று இயல்களாகப் பிரிக்கலாம்.

ஒரு பத்தி 150 முதல் 200 சொற்கள் என்றால், முழு ஆய்வேடும் 60 முதல் 80 பத்திகள்தான். ஒவ்வொரு பத்திக்கும் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். “மாதிரித் தேர்வு” என்று தலைப்பு மட்டும் போட்டுவிட்டு நகராதீர்கள். அந்தப் பத்தி எதைச் சொல்லி முடியும் என்பதை முழு வாக்கியமாக எழுதுங்கள். இதற்கு ஒரு நாள் முழுவதும் போகும். அந்த நாள் வீணல்ல. அடுத்த பத்து நாளும் “இனி என்ன எழுதுவது” என்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்காது. இந்த நான்கைந்து பக்க எலும்புக்கூட்டை நெறியாளருக்கு அனுப்புங்கள். கால் மணி நேரத்தில் படித்துவிட முடியும் என்பதால் பதில் சீக்கிரம் வரும். வாதத்தில் ஓட்டை இருந்தால், 8,000 சொல் எழுதிய பிறகு தெரிவதைவிட இப்போது தெரிவதே நல்லது.

எழுதும் வரிசை

ஆய்வு முறை, முடிவுகள், விவாதம், முன்னாய்வுகள், முன்னுரை, நிறைவுரை, கடைசியாக ஆய்வுச்சுருக்கம். இதே வரிசையில் எழுதுங்கள்.

ஆய்வு முறையில் தொடங்குவதற்குக் காரணம், அதில் யோசிக்க அதிகம் இல்லை. செய்ததைச் சொன்னால் போதும். யாரிடம், எத்தனை பேரிடம், எப்படித் தேர்ந்தெடுத்து, எந்தக் கருவியால், எப்போது, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் பகுப்பாய்வு, ஒப்புதல் எப்படிப் பெறப்பட்டது. அவசரத்தில் நடக்கும் பிழை ஒன்று உண்டு. ஆய்வுத் திட்டத்திலிருந்து அப்படியே வெட்டி ஒட்டுவதால் “தரவு சேகரிக்கப்படும்” என்று எதிர்காலத்திலேயே வாக்கியங்கள் நின்றுவிடும். 200 பேர் என்று திட்டமிட்டு 143 பேர்தான் கிடைத்தார்கள் என்றால் 143 என்றே எழுதி, குறைந்ததற்கான காரணத்தையும் சொல்லுங்கள். தேர்வாளர் முதலில் ஒப்பிடுவது இந்த எண்ணையும் அட்டவணையில் உள்ள எண்ணையும்தான்.

முடிவுகள் இயலுக்கு முதலில் அட்டவணைகளையும் படங்களையும் முழுமையாக முடித்து வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே, அதில் வாசகர் பார்க்க வேண்டியது என்ன என்று இரண்டு மூன்று வாக்கியம். அட்டவணையில் உள்ள எல்லா எண்களையும் உரையில் மறுபடி சொல்ல வேண்டாம். சொற்கள் வீணாகும், ஓர் எண் மாறினால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டிவரும்.

முடிவுகளில் “என்ன” மட்டும். “ஏன்” விவாதத்துக்கு உரியது. இரண்டையும் கலந்தால் அதே செய்தியை இரு இயல்களிலும் எழுதிக்கொண்டிருப்பீர்கள். விவாதத்தில் ஒவ்வொரு முக்கிய முடிவையும் நான்கு கேள்விகளில் நிறுத்துங்கள்: என்ன தெரியவந்தது, முந்தைய யாருடைய முடிவோடு ஒத்துப்போகிறது அல்லது முரண்படுகிறது, ஏன் அப்படி இருக்கலாம், இதை எந்த அளவுக்கு நம்பலாம். எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்றால் மறைக்காதீர்கள். கருதுகோள் பொய்த்த ஆய்வும் ஆய்வுதான். ஏன் பொய்த்தது என்று தெளிவாக விளக்கும் பகுதியே பல ஆய்வேடுகளில் நல்ல பகுதியாக அமைகிறது.

முன்னாய்வுகள்: நாட்களை விழுங்கும் இடம்

இந்த இயலை நான்காவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. உங்கள் முடிவுகள் என்னவென்று தெரிந்த பிறகு, எந்தக் கட்டுரைகள் தேவை, எவை தேவையில்லை என்பது தெளிவாகிவிடும். முதலிலேயே தொடங்கினால் எல்லாமே தேவை போலத் தோன்றும். வாசிப்பு முடியவே முடியாது.

எத்தனை நூல்களும் கட்டுரைகளும் போதும் என்பதைத் துறை நூலகத்தில் அண்மையில் தேர்ச்சி பெற்ற இரண்டு மூன்று ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலை எண்ணிப் பார்த்துத் தீர்மானியுங்கள். ஒரு கட்டுரைக்கு 15 முதல் 20 நிமிடம். சுருக்கம், முன்னுரையின் கடைசிப் பத்தி, அட்டவணைகள், முடிவுரை என்ற வரிசையில் பாருங்கள். உங்கள் ஆய்வின் அடித்தளமாக இருக்கும் ஐந்தாறு கட்டுரைகளை மட்டும் வரிவரியாகப் படித்தால் போதும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான கூகுள் ஸ்காலரில் ஒரு நல்ல கட்டுரையைக் கண்டுபிடித்ததும், அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். சொற்களைப் போட்டுத் தேடுவதைவிட இது வேகமான வழி.

படித்ததை ஒரு அட்டவணையில் போடுங்கள்: ஆசிரியர், ஆண்டு, கேள்வி, முறை, முடிவு, குறை, என் ஆய்வேட்டில் எந்தப் பத்திக்கு. கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. எழுதும்போது இந்த அட்டவணையை வரிசையாகப் பார்க்காமல் கருத்துவாரியாகத் திரட்டுங்கள். ஒவ்வொரு பத்தியும் “இன்னார் இந்த ஆண்டில் இப்படிக் கூறுகிறார்” என்று தொடங்கினால் அது வெறும் பட்டியல். “நேர்காணல் வழி ஆய்வுகள் ஒரு முடிவையும், கருத்துக்கணிப்பு வழி ஆய்வுகள் வேறொரு முடிவையும் தருகின்றன” என்று தொடங்கிவிட்டு, ஆசிரியர்களைச் சான்றாகக் கொண்டுவாருங்கள். ஐந்து கட்டுரை ஒரே பத்தியில் அடங்கும். உங்கள் ஆய்வு எந்த இடைவெளியை நிரப்புகிறது என்பதும் தானே வெளிப்படும்.

மேற்கோள்களுக்கு ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள். ஆனால் இணையத்திலிருந்து தானாக இறங்கும் விவரங்களை நம்பி விட்டுவிடக் கூடாது. பக்க எண் இருக்காது, தலைப்பில் பெரிய எழுத்துகள் தாறுமாறாக இருக்கும், தலைப்பெழுத்து மட்டும் வைத்துக்கொள்ளும் ஆசிரியர்களின் பெயர் முன்பின்னாகப் பிரிந்திருக்கும். சேர்க்கும்போதே சரிசெய்தால் ஒரு நிமிடம். கடைசி இரவில் என்றால் எல்லா மேற்கோள்களையும் ஒன்றாகச் சரிபார்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் தரும் நூற்பட்டியலில் உலகில் இல்லாத கட்டுரைகளும் இருக்கக்கூடும். பெயரும் ஆண்டும் இதழும் நம்பும்படியாகவே இருக்கும். நீங்கள் திறந்து பார்க்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். அந்த உரையாடிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம், எப்படி அறிவிக்க வேண்டும் என்ற பல்கலைக்கழக விதியையும் படித்துவிடுங்கள்.

கருத்துத் திருட்டு பெரும்பாலும் திட்டமிட்டு நடப்பதில்லை. “பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்று கோப்பில் ஒட்டிய பத்தி பத்து நாளில் உங்கள் எழுத்தைப் போலவே தெரிய ஆரம்பிக்கும். ஒட்டும் ஒவ்வொரு வரியையும் அந்த நொடியே மேற்கோள் குறிக்குள் வைத்து, வேறு நிறம் கொடுத்து, பக்க எண்ணையும் போடுங்கள். சொந்த நடையில் சொல்ல வேண்டுமானால் மூலத்தை மூடிவிட்டு எழுதுங்கள். கண்முன் வைத்துக்கொண்டு நான்கு சொல்லை மாற்றுவது ஒப்புமை அறிக்கையில் அப்படியே தெரியும். அந்த அறிக்கையின் சதவீதத்தைப் பார்த்து மட்டும் பயப்படவோ நிம்மதியடையவோ வேண்டாம். எது பொருந்தியிருக்கிறது என்று திறந்து பாருங்கள். துணைநூற்பட்டியல் பொருந்துவது இயல்பு. விவாத இயலில் ஒரு முழுப் பத்தி பொருந்தினால் பெரிய சிக்கல்.

அன்றாட எழுத்து

50 நிமிடம் எழுதி 10 நிமிடம் எழுந்து நடங்கள். நாளுக்கு நான்கு அல்லது ஐந்து சுற்று. அதற்கு மேல் எழுதுவதைப் பெரும்பாலும் மறுநாள் அழிக்கவே நேரும். மிச்ச நேரத்தை அட்டவணை, மேற்கோள், பின்னிணைப்புக்குக் கொடுங்கள்.

எழுதும்போது திருத்தாதீர்கள். ஓர் ஆண்டு நினைவில்லையா, சான்று தேட வேண்டுமா? ### என்று போட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். ஒரு விவரத்தைத் தேட உலாவியைத் திறந்தால் அரைமணி நேரம் போய்விடும். மாலையில் ### எல்லாவற்றையும் ஒரே தேடலில் பிடித்து நிரப்பலாம். கைவிரல் நகராத நாளில் குரல் தட்டச்சை முயலுங்கள். நண்பருக்கு விளக்குவதுபோல் பேசினால் பிழைகளோடாவது ஒரு பத்தி கிடைக்கும். ஆய்வேடு தமிழில் என்றால், பழைய எழுத்துருவில் தட்டிய குறிப்புகளை முதலிலேயே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

நெறியாளருக்கு இயலை அனுப்பும்போது “பார்த்துச் சொல்லுங்கள் ஐயா” என்று மட்டும் எழுதினால் பதில் தள்ளிப்போகும். “இரண்டாம் பகுதியின் வாதம் நிற்கிறதா, அட்டவணை 4 தேவையா, வரும் வெள்ளிக்குள் சொன்னால் உதவியாக இருக்கும் ஐயா” என்று கேளுங்கள். பதிலுக்காகக் காத்திருக்காமல் அடுத்த இயலைத் தொடங்கிவிடுங்கள்.

வேர்டில் தலைப்புப் பாணிகளை (Heading Styles) முதல் நாளே அமையுங்கள். பொருளடக்கம் அவற்றிலிருந்தும், அட்டவணைப் பட்டியல் அட்டவணைகளுக்குச் சேர்க்கும் தலைப்புக் குறிப்புகளிலிருந்தும் (Caption) தானாக உருவாகும். எழுத்தைக் கையால் தடிமனாக்கித் தலைப்புபோலக் காட்டினால் உருவாகாது. முன்பக்கங்களுக்கு உரோமன் எண்ணும் முதல் இயலிலிருந்து 1, 2, 3 என்றும் வர வேண்டுமானால் இடையில் பக்க முறிப்பு (Page Break) போதாது. பிரிவு முறிப்புப் (Section Break) போட்டு, முந்தைய பிரிவோடு உள்ள இணைப்பைத் துண்டிக்க வேண்டும். லேடெக் (LaTeX) என்ற ஆவண வடிவமைப்பு மென்பொருள் தெரியாதவர்கள் இப்போது கற்கத் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு இரவும் கோப்பைத் தேதியோடு புதிய பெயரில் சேமித்து, இணையச் சேமிப்பிலும் பென் டிரைவிலும் ஒவ்வொரு படி வையுங்கள்.

திருத்தம் மூன்று சுற்று

ஒரே வாசிப்பில் எல்லாவற்றையும் பிடிக்க முயன்றால் எழுத்துப்பிழை மட்டுமே கண்ணில் படும். முதல் சுற்றில் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தொடர்ந்து படியுங்கள். வாதம் எங்கே அறுகிறது என்று தெரிந்துவிடும். முன்னுரையில் எழுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் நிறைவுரையில் விடை இருக்கிறதா என்று பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். இரண்டாம் சுற்றில் எண்கள்: உரை, அட்டவணை, சுருக்கம் மூன்றிலும் ஒன்றா? உரையில் உள்ள ஒவ்வொரு பெயரும் பட்டியலில் உண்டா, பட்டியலில் உள்ளது உரையில் உண்டா? மூன்றாவது சுற்றுதான் மொழிக்கு. அச்செடுத்து வாய்விட்டுப் படியுங்கள்.

14 நாளில் 7 நாள் கழிந்தும் 3,000 சொல்கூட வரவில்லை என்றால், அன்றே நெறியாளரைப் பாருங்கள். கால நீட்டிப்பு கேட்பதானால் கெடுவுக்கு முன்பே, மருத்துவச் சான்று போன்ற ஆதாரத்தோடு கேளுங்கள். கெடு தாண்டிய பிறகு கேட்டால் கிடைப்பது மிகக் கடினம். நீட்டிப்பு இல்லை என்றால் வெட்ட வேண்டியதை வெட்டுங்கள்: முதலில் கடைசி நோக்கம், பிறகு முன்னாய்வுகளில் பாதி. ஆய்வு முறையிலும் முடிவுகளிலும் கை வைக்காதீர்கள்.

பதிவேற்றும் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி, வேறொரு கணினியில் திறந்து எல்லாப் பக்கங்களையும் புரட்டிப் பாருங்கள். எழுத்துரு உடைவதும் படங்கள் நகர்வதும் உங்கள் கணினியில் தெரியாது. மீதமுள்ள ### குறிகளை இன்னொரு முறை தேடுங்கள். கெடு நேரத்துக்கு ஒரு நாள் முன்பே பதிவேற்றிவிட்டு, ஒப்புகைச் செய்தியைப் படமெடுத்துச் சேமியுங்கள். வாய்மொழித் தேர்வு உண்டென்றால், எழுதும்போது உங்களுக்கே சந்தேகமாகப் பட்ட இடங்களின் பட்டியலை அன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். தேர்வாளர் கேட்கப்போவது பெரும்பாலும் அவற்றைத்தான்.