மோட்டார் போகவில்லை, கெப்பாசிட்டர்தான்
ரெகுலேட்டரை முழுவதும் திருகியும் பழைய மின்விசிறி சோம்பலாகவே சுற்றுகிறதா? புதிதாக வாங்கக் கிளம்பாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் சுழன்றால், பெரும்பாலும் மோட்டார் சுழல உதவும் கெப்பாசிட்டர்தான் வலுவிழந்திருக்கும். கரகரவென்று உரசினால் அது பேரிங் கோளாறு, வேறு வேலை.

விசிறியின் கிண்ண மூடியைக் கழற்றினால், இரண்டு ஒயர்களோடு சிறிய வெள்ளை டப்பா தெரியும். அதுதான் கெப்பாசிட்டர். அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள ஸ்க்ரூடிரைவரால் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டபிறகே கை வையுங்கள். அதன் மேலே 2.5 மைக்ரோஃபாரட் என்பதுபோல அதன் அளவை அச்சிட்டிருக்கும். புதிதாக மாட்டுவதற்கும் அதே எண்தான் வேண்டும், வோல்டேஜும் குறையக் கூடாது. காற்று அதிகம் வரட்டுமே என்று பெரிய எண்ணை மாட்டுகிறவர்கள் உண்டு. மோட்டாரின் கம்பிச்சுருள் சூடேறிக் கருகிவிடலாம்.