சைவ வீட்டுக் குழந்தைக்குப் பால் சேரவில்லையா? படிப்படியாகச் செய்ய வேண்டியவை

முட்டைகூடத் தொடாத வீட்டில் பால், தயிர், மோர், நெய் நான்கும் ஒரே நாளில் குழந்தையின் தட்டிலிருந்து போனால், கால்சியம், புரதம், கொழுப்பு, பி12 எல்லாம் சேர்ந்தே போய்விடும். பாலை நிறுத்தச் சொல்ல ஆள் நிறைய உண்டு, அந்த இடத்தில் என்ன வைப்பது என்று சொல்லத்தான் ஆள் குறைவு. அதனால் அதைப் பற்றியே இங்கே அதிகம் எழுதுகிறேன்.

இது ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. ஒரு வயது நிரம்பாத குழந்தை என்றால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். அம்மா பால் பொருட்களை விட வேண்டுமா, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குச் சிறப்புப் பால்மாவு வேண்டுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

படி 1: என்ன சிக்கல் என்று பிரித்துப் பாருங்கள்

'பால் சேரவில்லை' என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் உண்டு. ஒன்று ஒவ்வாமை. பாலிலுள்ள கேசீன், வே புரதங்களை உடலின் எதிர்ப்பாற்றல் எதிரியாக எடுத்துக்கொள்வதால் வருவது. இன்னொன்று, லாக்டோஸ் எனும் பால் சர்க்கரை செரிக்காமல் போவது. சின்னக் குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் கடும் வயிற்றுப்போக்குக்குப் பிறகு வந்து, சில வாரங்களில் தானே சரியாகிவிடும். லாக்டோஸ் நீக்கிய பால் இரண்டாமவருக்குத்தான் உதவும். அதில் புரதம் அப்படியே இருப்பதால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

ஒவ்வாமையும் இரண்டு விதமாக வரும். பால் உள்ளே போன சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோலில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வருவது உடனடி வகை. மலத்தில் சளி அல்லது ரத்தம், தோலில் அரிக்கும் கரப்பான் படை, விடாத வயிற்றுவலி என்று மூன்று நாள் வரைக்கும் தாமதித்து வருவது இன்னொரு வகை. மூச்சு இழுத்தாலோ, குரல் மாறினாலோ, குழந்தை துவண்டாலோ யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

படி 2: ஒரு நோட்டுப் போடுங்கள்

டாக்டரிடம் போகுமுன் ஒரு வாரமாவது எழுதி வையுங்கள். 'காலை 8 மணி, இட்லி, நெய். 8.20, வாயைச் சுற்றிச் சிவப்பு' என்று இவ்வளவு எழுதினால் போதும். தாமத வகை என்று சந்தேகம் வந்தால், பாலை 2 முதல் 4 வாரம் முழுக்க நிறுத்தி, பிறகு மறுபடி கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். நிறுத்தியதும் குறைந்து, கொடுத்ததும் திரும்பினால்தான் அது உறுதி. உடனடி வகையில் இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது.

படி 3: வீட்டில் பால் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள்

ஆட்டுப்பால், எருமைப்பால், ஏ2 பால், நாட்டு மாட்டுப் பால் எதுவும் மாற்று ஆகாது. புரதங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். எவ்வளவு காய்ச்சினாலும் கேசீன் போகாது. நெய்யில் துளிப் புரதம் தங்கியிருக்கலாம் என்பதால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை அதுவும் வேண்டாம்.

கடையில் பச்சைப் புள்ளியை நம்பி வாங்காதீர்கள். அது சைவம் என்பதை மட்டும்தான் சொல்கிறது, பால் பொருளுக்கும் அதே புள்ளிதான். பாக்கெட்டைத் திருப்பி, 'கன்டெய்ன்ஸ் மில்க்' என்ற வரியைத் தேடுங்கள். அப்புறம் மில்க் சாலிட்ஸ், வே பவுடர், சோடியம் கேசினேட், கோவா ஆகிய பெயர்களையும் பாருங்கள். 'நான்-டெய்ரி' என்று எழுதியிருக்கும் காபி கிரீமரில்கூட கேசினேட் இருப்பதுண்டு. ரஸ்க், பன், மால்ட் பானப் பொடி எல்லாவற்றையும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படிக்க வேண்டும். கோகோ பட்டர், தேங்காய்ப்பால் என்ற பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவை மாட்டுப்பால் இல்லை.

தயிர் எடுத்த கரண்டி சாம்பாரில் போகாமல், நெய் தோசை வார்த்த கல்லில் கழுவாமல் குழந்தைக்குத் தோசை வார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: பால் இருந்த இடத்தை நிரப்புங்கள்

இங்கேதான் கணக்குப் போட வேண்டும். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கால்சியம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம் உண்டு. ராகியில் 100 கிராமுக்கு சுமார் 350 என்றாலும், இரண்டு வயதுக் குழந்தை ஒரு வேளைக்குச் சாப்பிடுவது 30 கிராம் மாவுக் கஞ்சிதான். அதில் 100 கிடைக்கும். ஒரு டீஸ்பூன் தோல் நீக்காத எள், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை சேர்த்தால் இன்னொரு 100. பாதிகூட ஆகவில்லை, பாருங்கள். 'தினமும் ராகிக் கஞ்சி கொடுக்கிறேனே' என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. மீதிக்குக் கால்சியம் சேர்த்த, சர்க்கரை இல்லாத சோயா பால் அல்லது டாக்டர் எழுதித் தரும் சிரப் வேண்டும். (சில குழந்தைகளுக்கு சோயாவும் சேராது. கேட்டுவிட்டுக் கொடுங்கள்.) பாலக் கீரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதன் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கஞ்சிக்கு ராகியை முளைகட்டுவது நல்லது, சத்து உடலில் சேர்வது கூடும். கழுவி ஒரு ராத்திரி ஊறவைத்து, வடித்து, ஈரத் துணியில் கட்டி வைத்தால் மறுநாள் வெள்ளையாக முளை எட்டிப்பார்க்கும். நிழலில் உலர்த்தி, வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து அரையுங்கள். மூன்று மேசைக்கரண்டி மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் கிண்டுங்கள். பச்சை வாசனை போய்ப் பளபளப்பு வந்ததும் இறக்கி, நாட்டுச் சர்க்கரையும் வறுத்துப் பொடித்த எள்ளும் கெட்டித் தேங்காய்ப்பாலும் சேருங்கள். எள்ளும் சிலருக்கு ஒவ்வாது என்பதால் முதல்முறை பகல் நேரத்தில் துளி மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

தேங்காய்ப்பால், பாதாம் பால் இரண்டிலும் புரதம் சொற்பம். ருசிக்குச் சேர்க்கலாம், பாலுக்கு ஈடாகக் குடிக்கக் கொடுப்பது சரியில்லை. புரதத்துக்குப் பருப்பு சாதம், சுண்டல் மசியல், பாசிப்பயறு தோசை என்று தினம் இரண்டு வேளையாவது வையுங்கள். நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் தாராளமாக விடலாம், சின்னக் குழந்தைக்குக் கொழுப்பு அவசியம். பி12 மட்டும் எந்தக் கீரையிலும் பருப்பிலும் நம்பும் அளவுக்குக் கிடையாது. சைவக் குழந்தைக்குப் பாலை நிறுத்திய அன்றே பி12 சொட்டு மருந்து பற்றியும் வைட்டமின் டி பற்றியும் கேளுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

படி 5: சுற்றியிருப்பவர்களிடம் சொல்லுங்கள்

பாட்டி, பால்வாடி டீச்சர், பக்கத்து வீட்டு அக்கா எல்லோரிடமும் 'பால் பிடிக்காது' என்று சொல்லாமல், 'பால் பட்டால் உடம்புக்கு ஆகாது, ஒரு வாய்கூடக் கூடாது' என்றே சொல்லுங்கள். சர்க்கரைப் பொங்கலிலும் பஞ்சாமிர்தத்திலும் நெய் உண்டு. கோயிலுக்குப் போகும்போது கையில் ஒரு வாழைப்பழம் இருக்கட்டும்.

படி 6: எடையைப் பாருங்கள், மறுபடி சோதியுங்கள்

மாதம் ஒருமுறை எடையைக் குறித்து வையுங்கள். ஏறாமல் நின்றுவிட்டால் உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு வயது ஏற ஏற இந்த ஒவ்வாமை போய்விடும். எனவே 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் கேளுங்கள். தாமத வகை என்றால், பால் கலந்து நன்றாக பேக் செய்த பிஸ்கட்டில் துண்டளவு ஆரம்பித்து, படிப்படியாகத் தயிருக்கும் பாலுக்கும் ஏறச் சொல்வார்கள். உடனடி வகைக்கு அந்த முதல் துண்டையும் மருத்துவமனையில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.