மேப்பைத் திறக்காமல் கொபுலேட்டிக்குத் திரும்புவது எப்படி

டி.சி.எஸ். வேர்ல்ட் என்ற போர் விமான சிமுலேட்டர் விளையாட்டில் புதிதாகப் பறக்க வருபவர்கள் குண்டு போடுவதைச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். வீடு திரும்பத்தான் தெரிவதில்லை. எஃப்10-ஐத் தட்டி மேப்பில் தங்கள் விமானத்தைத் தேடுவார்கள், "இந்தப் பக்கம்தான் போல" என்று திருப்புவார்கள். பல மல்டிபிளேயர் சர்வர்களில் அந்த மேப்பில் உங்கள் விமானமே தெரியாது. அப்போது என்ன செய்வீர்கள்? நடுராத்திரி, கருங்கடல் மேல், கடலும் வானமும் ஒரே கறுப்பு. ஓர் ஊசியை நம்பி வந்து, ஓடுபாதை விளக்குகள் நேர் எதிரே முளைப்பதைப் பார்ப்பதற்காகவே நான் இன்னமும் இதை விளையாடுகிறேன்.

எஃப்/ஏ-18சி ஹார்னெட், காக்கசஸ் மேப், கொபுலேட்டி விமானத் தளம். இந்த மூன்றையும் வைத்தே சொல்கிறேன். ஹார்னெட்டில் சாதாரண விமான நிலையங்களின் ஐ.எல்.எஸ்.-ஐ, அதாவது ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ அலையைப் பிடிக்கும் கருவி இல்லை. விமானந்தாங்கிக் கப்பலுக்கான ஐ.சி.எல்.எஸ். மட்டும்தான். அதனால் தரையில் இறங்க, தரை நிலையம் இருக்கும் திசையையும் தூரத்தையும் ரேடியோ அலையால் காட்டும் டக்கானைப் பழகியே ஆக வேண்டும்.

கொபுலேட்டியின் சேனல் 67 எக்ஸ். கண்ணுக்கு நேரே இருக்கும் யு.எஃப்.சி. என்ற எண் பலகையில் டி.சி.என். பொத்தானை அழுத்தி, 67 அடித்து, என்டர் கொடுங்கள். பக்கத்து ஜன்னல்களில் டி/ஆர் (அனுப்பிப் பெறுவது), எக்ஸ் இரண்டும் தேர்வாகியிருக்க வேண்டும். அப்புறம் ஆன். டி/ஆருக்குப் பதில் ஆர்.சி.வி. (பெறுவது மட்டும்) இருந்தால் திசை வரும், தூரம் வராது. இனி திசைகாட்டி வட்டம் இருக்கும் எச்.எஸ்.ஐ. திரையில் டி.சி.என்.-ஐ அழுத்துங்கள், அதைச் சுற்றிக் கட்டம் விழும். இடது மேல் மூலையில் திசையும் தூரமும், கூடவே கே.பி.எல். என்ற அடையாளமும் வந்துவிட்டதா என்று பாருங்கள். அடையாளத்தைப் பார்க்காமல் ஊசியை நம்பாதீர்கள், ஒரு எண் மாற்றி அடித்தால் வேறு ஊருக்குப் போய்விடுவீர்கள்.

ஊசியைப் படிப்பதில்தான் பலருக்கும் குழப்பம். சென்னையை மனதில் விரித்துக்கொள்ளுங்கள். சென்ட்ரலில் ஒரு டக்கான் நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து வெளியே போகும் கோடுகள்தான் ரேடியல்கள். எண்ணூர் ஏறக்குறைய 020-இல் இருக்கும், திருவள்ளூர் 280-இல், தாம்பரம் 225-இல். நீங்கள் தாம்பரத்துக்கு மேலே இருக்கிறீர்கள் என்றால், விமானத்தின் மூக்கு வேளச்சேரியைப் பார்த்தாலும் வண்டலூரைப் பார்த்தாலும் இருப்பது 225 ரேடியலில்தான். ஊசியின் தலை 045-ஐக் காட்டும், அது சென்ட்ரலுக்குப் போகும் திசை. வால் 225-ஐக் காட்டும், அது நீங்கள் இருக்கும் ரேடியல். தலை போகிற திசை, வால் இருக்கிற இடம். இது பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

சரி, கொபுலேட்டிக்கு வருவோம். அங்கே ஓடுபாதை 07/25. நம் மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதைக்கும் அதே எண்தான், நங்கநல்லூரில் இருக்கும் எனக்கு அதில் ஒரு தனி சந்தோஷம். கடல் பக்கமிருந்து 07-இல் இறங்குகிறோம். பழகுவதற்கு 070 என்று வைத்து சி.ஆர்.எஸ். சுவிட்சால் கோர்ஸை, அதாவது பிடிக்க வேண்டிய பாதையின் திசையைத் திருப்பினால் திரையில் ஒரு கோடு விழும். ஓடுபாதை எண் திசையைப் பத்து டிகிரிக்கு முழுதாக்கிய எண்தான், சரியான டிகிரியை நீபோர்டு (விமானியின் தொடைமேல் இருக்கும் குறிப்புப் பலகை) சார்ட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்10 மேப்பில் அளந்தால் கிடைப்பது உண்மை வடக்கை வைத்த கணக்கு. காக்கசஸில் அதிலிருந்து சுமார் 6 டிகிரி கழித்தால்தான் காக்பிட் காட்டும் காந்தத் திசை வரும்.

இப்போது தூரம் 30 கடல் மைல், ஊசியின் தலை 090-இல் என்று வைப்போம். நேராக 090-இல் போனாலும் தளத்தை அடைவீர்கள், ஆனால் ஓடுபாதைக்குக் கோணலாக. நமக்கு வேண்டியது 070. இரண்டுக்கும் வித்தியாசம் 20. ஊசியைத் தாண்டி இன்னொரு 20 போய், 110-இல் பறங்கள். தலை மெதுவாக 090-இலிருந்து இறங்கி 085, 080 என்று வரும். ஏறக்குறைய 16 மைலில் கோட்டைப் பிடிப்பீர்கள். 350 நாட் வேகம், 30 டிகிரி சாய்வு என்றால், தலை 073-க்கு வரும்போதே திரும்பத் தொடங்குங்கள். 070 வரட்டும் என்று காத்திருந்தால் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள்.

கோட்டில் உட்கார்ந்த பிறகு காற்று வேலையைக் காட்டும். வடக்கிலிருந்து 20 நாட் காற்று உங்களைத் தெற்கே தள்ளும், தலை 068, 067 என்று நழுவும். ஊசியை மூக்கால் துரத்திக்கொண்டே போனால் பாதை வில்லாக வளைந்துவிடும். 060-க்குத் திரும்பி, தலை மறுபடி 070-க்கு வந்ததும் 067-இல் நிறுத்திப் பிடியுங்கள். இந்த வேகத்துக்கு 3 டிகிரி போதும். கணக்கும் சுலபம்: 60 மைலில் 1 டிகிரி என்றால் 1 மைல் விலகல், 20 மைலில் 3 டிகிரிக்கு அதே 1 மைல்.

தூரம் சாய்வாக அளக்கப்படுவது என்பதும் நினைவிருக்கட்டும். 18,000 அடி உயரத்தில் நிலையத்துக்கு நேர் மேலே வந்தாலும் திரை 3 மைல் என்றுதான் சொல்லும்.

ஊசியே காணாமல் போனால்? என்னோடு பறக்கும் கல்லூரிப் பையன் ஒருவன், பெரம்பூர்க்காரன், ஒரு ராத்திரி ஹெட்செட்டில் கத்தினான்: "அண்ணா, டக்கான் செத்துப்போச்சு!" எங்கே இருக்கிறாய் என்றேன். குட்டாயிசிக்கு வடக்கே, ரியோனி ஆற்றுப் பள்ளத்தாக்கில், தரையை ஒட்டிப் பறந்துகொண்டிருந்தான். "சேனலைத் தொடாதே தம்பி. 12,000-க்கு ஏறு." ஏறினான். தூரம் முதலில் வந்தது, பின்னாலேயே தலையும் வந்து நின்றது. டக்கான் அலை நேர்கோட்டில் போகும், மலையைத் துளைக்காது. எண்களை மாற்றி மாற்றி அடிப்பதற்கு முன் உயரத்தைப் பாருங்கள்.

பயிற்சிக்கு மிஷன் எடிட்டரில் கொபுலேட்டிக்கு மேற்கே 40 மைலில், 15,000 அடியில் ஒரு ஹார்னெட்டை வையுங்கள். இரவு, கொஞ்சம் குறுக்குக் காற்று, லேபிள் வேண்டாம், எஃப்10 பார்வையையும் அணைத்துவிடுங்கள். 350 நாட்டில் வந்தால் விளக்குகள் நேரே வருகின்றனவா என்பது 7 நிமிடத்துக்குள் தெரிந்துவிடும்.