உப்புத்தாளைக் கீழே வையுங்கள்: பழைய சைக்கிளைச் சீரமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரணிலோ மாட்டுக்கொட்டகை ஓரத்திலோ ஒரு பழைய ராலே சைக்கிள் கிடைத்துவிட்டால், மறுநாளே அதைப் பெயின்ட் அடிக்கக் கொண்டுபோகிறவர்கள்தான் அதிகம். நானும் கொண்டுபோனேன். என் தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாரச்சந்தைக்குப் போய்வந்த வண்டி அது. மூன்றாம் நாள் கன்னங்கரேலென்று பளபளத்துத் திரும்பி வந்தது. மட்கார்டின் மேல் ஓடிய தங்கக் கோடுகளைக் காணவில்லை. ஹேண்டிலுக்குக் கீழே இருந்த நாரைத்தலை முத்திரையின் மேலும் கறுப்பு அடித்திருந்தார்கள். முத்திரையைச் சுரண்டி மீட்டுவிட்டேன். கோடுகளை மீட்க முடியவில்லை.

அழுக்கைச் சேதம் என்று நினைத்துவிடுவதுதான் இந்தத் துறையில் எல்லாத் தவறுகளுக்கும் தாய். தூசியும் எண்ணெயும் பல வருடங்கள் சேர்ந்து இறுகிப்போனால், அடியில் பெயின்ட் இருப்பதே தெரியாது. அடுத்து வாங்கிய பி.எஸ்.ஏ. வண்டியில் உப்புத்தாளைத் தொடவே இல்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, ஒரு சாண் அகலம் மட்டும் துடைத்தேன். பிறகு பஞ்சில் துளி மண்ணெண்ணெய் தொட்டு, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தேன். பத்துப் பஞ்சு கறுத்துப் போன பிறகு, நூல் கனத்தில் ஒரு தங்கக் கோடு மெல்ல எழுந்து வந்தது. அன்று அதற்கு மேல் வேலை செய்ய மனம் வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எழுத்துகளும் சின்னங்களும் ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தின்னரோ பெட்ரோலோ பட்டால் அவை கரைந்து பஞ்சோடு வந்துவிடும். பெயின்ட் உண்மையிலேயே உதிர்ந்துபோன வண்டியாக இருந்தால் புதிதாக அடிப்பதில் தவறில்லை. அதற்கு முன் கோடுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று அளந்து, படம் எடுத்து வையுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

வாங்கும்போது முத்திரையை மட்டும் பார்த்து ஏமாறுவது அடுத்த தவறு. முத்திரையைக் கழற்றி வேறு வண்டியில் மாட்ட ஐந்து நிமிடம் போதும். பெடலோடு சுழலும் பெரிய பல்சக்கரத்தைப் பாருங்கள். ராலே என்றால் அதன் நடுவில் நாரைத்தலைகள் இருக்கும். ரட்ஜ் என்றால் விரித்த கை, ஹம்பர் என்றால் மனித உருவங்கள், பி.எஸ்.ஏ. என்றால் அந்த மூன்று எழுத்துகள். முத்திரை ஒன்றும் சக்கரம் வேறொன்றும் சொன்னால் அது பல வண்டிகளைச் சேர்த்த வண்டி. பின்சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் ஹப் (கியரை உள்ளேயே வைத்திருக்கும் நடுக்குடம்) இருந்தால், அதன் உடம்பைத் துடைத்துப் படியுங்கள். ‘ஏ.டபிள்யூ.’ என்ற எழுத்துகளோடு 52, 6 என்று இருந்தால் அது 1952 ஜூனில் செய்த ஹப். சக்கரம் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், வண்டியின் வயதை அது ஒன்றை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

‘இங்கிலாந்து சைக்கிள்’ என்ற சொல்லுக்கு அதிக விலை கொடுப்பவர்களும் உண்டு. சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1951 முதல் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது. மேற்கு வங்கத்து ஆசன்சோலில் சென்-ராலே நிறுவனம் ராலே வண்டிகளைச் செய்தது. இவற்றை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலும் பர்மிங்ஹாமிலும் செய்தவை என்று சொல்லி விற்கிறார்கள். அம்பத்தூர் வண்டி என்று தெரிந்தே வாங்குங்கள். தபால்காரரும் பால்காரரும் வாத்தியாரும் மிதித்த வண்டிகள் அவை. சேகரிக்கும் தகுதி அவற்றுக்கு நிறையவே உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

இனிச் சுத்தியல். பெடல் தண்டை அச்சோடு பிடித்து வைத்திருப்பது காட்டர் பின் என்ற சிறிய ஆப்பு. அம்பது வருடம் அசையாத பின்னை அப்படியே அடித்தால், மரை நசுங்கும். அடியின் அதிர்ச்சி முழுவதும் உள்ளே இருக்கும் குண்டுகள் மேலும் அவை உருளும் கப்புகள் மேலும் இறங்கும். துரு இளக்கும் எண்ணெயை இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு ஊற்றுங்கள். மரை இருக்கும் முனை மேலே வரும்படி தண்டைத் திருப்பி, நட்டைப் பின்னின் நுனி மட்டத்துக்குத் தளர்த்துங்கள். பின்னின் தலை உள்ளே இறங்கும் அளவுக்குத் துளை உள்ள ஓர் இரும்புக் குழாயைத் தரைக்கும் தண்டுக்கும் இடையே முட்டுக்கொடுங்கள். இப்போது ஒரே ஓர் அழுத்தமான அடி. பத்து மெல்லிய அடிகள் பின்னை வளைக்கத்தான் உதவும்.

கழற்றியதை மாட்டும்போது இன்னொரு பொறி காத்திருக்கிறது. நாட்டிங்ஹாம் ராலேயில் பெடல் அச்சின் கப்புக்கும் ஹேண்டில் கப்புக்கும் ஓர் அங்குலத்துக்கு 26 மரை. மற்ற ஆங்கில வண்டிகளில் பெரும்பாலும் 24. கையால் இரண்டு சுற்றுக்கு மேல் போகாத கப்பை ஸ்பேனர் போட்டு ஏற்றினால், ஃபிரேமின் மரையே போய்விடும். இடது பெடலும் செயின் பக்கத்துக் கப்பும் எதிர்த்திசையில் கழலும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

குரோமியத்தில் உள்ள துருவுக்குக் கழிவறை ஆசிட்டைப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அது குரோமியத்தையும் தின்னும், பக்கத்தில் வைத்த இரும்பையும் ஆவியாலேயே துருப்பிடிக்க வைக்கும். அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே மேலோட்டமான துரு வந்துவிடும். கியர் ஹப்புக்குக் கிரீஸோ தேங்காயெண்ணெயோ வேண்டாம். பிசினாகி உள்ளே இருக்கும் சிறு பற்களை ஒட்டவைத்துவிடும். மூடியைத் திறந்து மெல்லிய இயந்திர எண்ணெயை ஒரு தேக்கரண்டி விடுங்கள். புரூக்ஸ் தோல் சீட்டை எண்ணெயில் ஊறப்போட்டால் தொட்டில்போலத் தொங்கிவிடும். டயர் வாங்கும்போது ‘28’ என்ற எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். நம் பழைய வண்டியின் 28 x 1½ டயருக்கு ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர். 28 என்றே அச்சிட்டு வரும் நவீன டயருக்கு 622. அது ரிம்மில் ஏறவே ஏறாது.

கழற்றும் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டு, பெயரெழுதி வையுங்கள். துருப்பிடித்த நட்டு, கண்ணாடி உடைந்த டைனமோ விளக்கு, ஒலிக்காத மணி எதையும் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட வேண்டாம். அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு வரி கட்டியதற்காக நகராட்சி கொடுத்த உலோக வில்லை சில வண்டிகளில் இன்னும் கம்பியில் தொங்கும். அதை அவிழ்க்காமல், கம்பியோடு அப்படியே விட்டுவிடுங்கள். தாத்தாவின் வண்டியில் அந்தக் கம்பி இருந்ததும், அதில் ஒரு தகடு ஆடியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதில் என்ன எண் எழுதியிருந்தது என்று ஒருநாளும் குனிந்து படித்ததில்லை.