விபத்தை உணரும் கருவிகள்: செட்டிநாட்டுச் சாலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி, தேவகோட்டை வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் இரவில் கார் ஓட்டும் பலர், மோதல் நேர்ந்தால் கைபேசியோ காரோ தானாகவே உதவியை அழைத்துவிடும் என்று நம்புகிறார்கள். 2022இல் வெளிவந்த ஐபோன் 14 முதலான கைபேசிகள், திடீர் வேகமாற்றம், சுழற்சி, காரினுள் காற்றழுத்த மாற்றம், பெரும் சத்தம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துக் கடும் மோதலை ஊகிக்கின்றன. திரையில் தோன்றும் எச்சரிக்கைக்குப் பதில் வராவிட்டால் அவசர எண்ணை அழைத்து, நாம் பதிந்துவைத்த உறவினருக்கும் இருப்பிடத்தை அனுப்புகின்றன.

அந்த உறவினர் யார் என்பதில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. பெற்றோர் ஊரிலும் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். வாஞ்சையால் அவசரத் தொடர்பாக மகனின் வெளிநாட்டு எண்ணை மட்டுமே பதிகிறார்கள். நள்ளிரவில் செய்தி கிடைத்தாலும், சிங்கப்பூரிலிருந்து 108ஐ அழுத்தினால் அந்த அழைப்பு தமிழ்நாட்டு ஆம்புலன்ஸ் சேவைக்கு வராது; மகன் அங்கிருந்தே இங்குள்ள ஒருவரைத் தேடிப்பிடிக்க வேண்டும். ஆகவே, காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ வசிக்கும், இரவிலும் அழைப்பை எடுக்கக்கூடிய ஒருவரின் எண்ணை முதலில் சேர்த்துவிட்டு, மகனின் எண்ணை அடுத்ததாக வைப்பதே சரி.

ஜிபிஎஸ் இருந்தால் போதும் என்று எண்ணுவதும் தவறு. இருப்பிடத்தை அறியக் கைபேசிக் கோபுரம் தேவையில்லை. ஆனால் அதை வெளியே சொல்லச் சிக்னல் வேண்டும். பழைய கார் வாங்குபவர்கள், அதன் எஸ்ஓஎஸ் (அவசர அழைப்பு) வசதிக்கான சந்தா முடிந்துவிட்டதா, கணக்கு முந்தைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

இருசக்கர வாகனத்தின் இருக்கைக்கடியில் கைபேசியை வைத்துவிட்டு இதே பாதுகாப்பை எதிர்பார்க்கக் கூடாது. ஐபோனின் இந்த வசதி கார்களை மனத்தில் கொண்டே உருவாக்கப்பட்டது. தைப்பூசத்துக்காகக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடப்பவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. நடப்பவர் மீது இடிக்கும் வண்டியின் வேகம் பெரிதாகக் குறையாததால், அதிலுள்ள கருவி விபத்தையே உணராமல் போகலாம். அங்கே உடன் நடப்பவர்கள்தாம் அழைத்தாக வேண்டும்.

தவறான எச்சரிக்கை எழுந்து அழைப்பும் போய்விட்டால், பதறித் துண்டிக்காமல், எவருக்கும் காயமில்லை என்று எதிர்முனையில் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் உண்மையான விபத்துக்குப் போக வேண்டிய வண்டி நம்மைத் தேடி வரக்கூடும்.

வழக்கு வருமோ என்று பார்வையாளர்கள் ஒதுங்குவது, எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவரைக் காக்கிறது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம், அதில் இணைந்த மருத்துவமனைகளில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கிறது. அடிபட்டவரின் கைபேசி ஏற்கெனவே அழைத்திருந்தாலும் 108ஐ நீங்களும் அழையுங்கள். இடம் தெரியாவிட்டால், அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லில் காணும் ஊர்ப்பெயரையும் எண்ணையும், வண்டி எந்த ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது என்பதையும் சொல்லுங்கள்.