பல் விழுந்த அன்றே பாயசம்: வீட்டுக் கொண்டாட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எதிர்வீட்டுப் பையனுக்கு முதல் பால்பல் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவன் அம்மா அதைத் தீப்பெட்டிக்குள் பத்திரப்படுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலிலிருந்து தாத்தா வீட்டார் வந்ததும் கேக் வெட்டி, அதன்பிறகு பல்லைக் கூரைமேல் எறியலாம் என்று ஏற்பாடு. புதன், வியாழன் இரண்டு நாளும் பையன் எங்கள் நடையில் வந்து நின்று வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினான். வெள்ளிக்கிழமை வந்தபோது வாயைத் திறக்கவில்லை, பம்பரத்துக்குக் கயிறு கேட்டான். ஞாயிறன்று கேக் வெட்டும்போதும் ஒரு கையில் பம்பரம்.

"என்னக்கா, இவ்வளவு பண்ணியும் சிரிக்கவே இல்லையே" என்று அவள் வருத்தப்பட்டாள்.

பதினைந்து வருடமாக எங்கள் வீட்டில் இப்படிச் சின்னச் சின்ன நாள்களைக் கொண்டாடி வருகிறோம். அவள் செய்ததை நானும் செய்து கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். கடன் வாங்காதே, பக்கத்து வீட்டோடு போட்டி போடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாமல் செய்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

எல்லாரும் வரட்டும் என்று காத்திருப்பது

மகளுக்கு அப்போது ஐந்து வயது. தக்கலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்வாள், கூட்டி வாசித்ததில்லை. வந்து நின்ற பஸ்ஸின் போர்டைப் பார்த்து, "க... ளி... ய..." என்று தொடங்கினாள். 'க்கா'வில் தடுக்கிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். அதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது. என் கையை விட்டுவிட்டு இரண்டடி முன்னால் ஓடி, போகிற பஸ்ஸின் முதுகைப் பார்த்தபடி "...விளை! களியக்காவிளை!" என்று முடித்தாள். ஏழெழுத்து. அவள் பிறவியில் வாசித்த முதல் சொல்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமி சிறுபயறு டப்பாவை எடுத்துவிட்டார்கள். "பாயசம் வைக்கட்டா மக்ளே?" நான்தான் தடுத்தேன். "வேண்டாம் மாமி. அவங்க சவுதியில இருந்து லீவுக்கு வரட்டும். அப்பா முன்னாடி வாசிச்சுக் காட்டட்டும், அன்னைக்குப் பெருசா வைப்போம்."

லீவுக்கு நான்கு மாதம் இருந்தது. அந்த நான்கு மாதத்தில் அவள் சோப்பு உறை, ரேஷன் அட்டை, தீப்பெட்டி எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டாள். அவர் வந்த அன்று தேங்காய்ப்பால் பிழிந்து பாயசம் வைத்து, சிலேட்டில் 'களியக்காவிளை' என்று எழுதிக் கையில் கொடுத்தேன். ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, "இதுக்கு எதுக்கும்மா பாயசம்?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். அந்தச் சொல் அவளுக்கு எப்போதோ பழசாகிப் போயிருந்தது.

அன்று ராத்திரி அவர் சொன்னது அதைவிடச் சுட்டது. "அன்னைக்கே விளிச்சுச் சொல்லியிருந்தா நானும் அங்க ரூம்ல எல்லாருக்கும் சாயா வாங்கிக் குடுத்திருப்பேனே." யாருக்காகக் காத்திருந்தேனோ அவருக்கும் அந்த நாள் கிடைக்காமல் போயிற்று. பெண் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். மாமி எடுத்த அந்தப் பயறு டப்பாவை நான் திரும்ப அலமாரியில் வைத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

எங்கள் குமரி மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. அதனாலேயே இந்தத் தவறு வீட்டுக்கு வீடு நடக்கிறது. வீடு பால் காய்ச்சுவதையும் கல்யாணத்தையும் லீவுக்குத் தள்ளலாம். பல் விழுந்ததையும், சைக்கிளில் கால் ஊன்றாமல் பத்தடி போனதையும் தள்ள முடியாது. எங்கள் வீட்டில் இப்போது நடந்த அன்றே கொண்டாடிவிடுகிறோம். முடியாவிட்டால் மறுநாள் அத்தாழத்துக்குள், அதாவது ராத்திரிச் சாப்பாட்டுக்குள். சவுதி நேரம் நம்மைவிட இரண்டரை மணிநேரம் பின்னால். இங்கே எட்டரைக்கு இலை போட்டால் அங்கே ஆறு மணி, வேலை முடிந்திருக்கும். போனில் அவரைக் கூப்பிட்டுப் பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

காலண்டரில் எழுதி நிரப்புவது

ஒரு வருடம் ஆர்வத்தில் வாரத்துக்கு ஒன்று என்று எழுதி ஒட்டினேன். மூன்றாவது மாதம் மகன், "இன்னைக்குக் கட்டாயமாம்மா?" என்று கேட்டான். கிழித்துப் போட்டேன்.

அதே காலண்டரில் ஆகஸ்ட் 1 அன்று 'புது மீன்' என்று எழுதியிருந்தேன். நம் மேற்குக் கடற்கரைப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. தடை முடிகிற நாளை நம்பி மசாலா அரைத்து வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனால், எப்போதும் வருகிற வள்ளத்து (நாட்டுப்படகு) மீன்தான் இருந்தது. குளச்சலில் இருந்து போகிற விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்கிப் பிடித்துவிட்டுத்தான் கரைக்கு வரும் என்பதை யோசிக்காமல் விட்டேன். இப்போது தேதியைப் பார்ப்பதில்லை. மீன்காரம்மா கூடையை இறக்கி "வந்தாச்சு" என்றால் அன்றுதான் கொண்டாட்டம். அன்று மரச்சீனியும் அவித்துவிடுவோம். கிழக்குக் கடற்கரைப் பக்கம் இருக்கிற சின்னமுட்டம் துறைமுகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை என்பதால், நம் மாவட்டத்துக்கு இந்த நாள் வருடத்தில் இரண்டு தடவை வரும்.

முன்கூட்டியே தெரிந்த நாள் ஒன்று வேண்டுமென்றால் பௌர்ணமியை வைத்துக்கொள்ளுங்கள். சித்திரா பௌர்ணமிக்குச் சூரியன் மறைவதையும் நிலா எழும்புவதையும் ஒன்றாகப் பார்க்கக் கன்னியாகுமரியில் கூட்டம் நெரியும். எந்த மாதப் பௌர்ணமியிலும் சூரியன் அடைகிற நேரத்தை ஒட்டித்தான் நிலா எழும்பும். கிழக்குத் திறந்த மொட்டைமாடியும் ஒரு போணி கருப்பட்டிக் காப்பியும் இருந்தால் போதும். ஆனி, ஆடியில் மேகம் மூடினால் விட்டுவிடுங்கள். அடுத்தது இருபத்தொன்பது, முப்பது நாளில் வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் கேக்

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மணம் இருக்கட்டும். கார்த்திகைக்குத் தெரளி இலையில் கொழுக்கட்டை அவியும்போது, என்ன நாள் என்று யாரும் சொல்லாமலே பிள்ளைக்குத் தெரிகிறதே. அதுபோல முதல் மழைக்கு ஒன்று, பல் விழுந்தால் ஒன்று என்று உங்கள் வீட்டுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்க்குக்குப் பாயசம்

வைக்காதீர்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் வைக்கவே வைக்காதீர்கள்.

சமைத்தவள் நிற்க மற்றவர்கள் உண்பது

அவள் உட்காரும்வரை யாரும் இலையில் கை வைக்கக் கூடாது.

பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைப்பது

மாமாவுக்கு (என் மாமனார்) கண்புரை எடுத்து, மருந்து விடுகிற நாளெல்லாம் முடிந்து, ஒரு காலையில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார்கள். வாசிக்க முடியாமல் மடித்துவைத்து ஒரு வருடத்துக்குமேல் ஆகியிருந்தது. பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோகாமல் மடியிலேயே வைத்து வாசித்ததை மகன்தான் முதலில் கவனித்துவிட்டு அடுக்களைக்கு ஓடிவந்து சொன்னான். மத்தியானம் உளுந்தஞ்சோறு வைத்து, எள்ளுத் துவையல் அரைத்தேன். அவர்களுக்குப் பிடித்தது. "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டார்கள். "நீங்க பேப்பர் வாசிச்சீங்கல்லா பாட்டா" என்றான் மகன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டத் தொடங்கினார்கள்.